முப்பத்தாறு அடியும் மூன்று அங்குலமும்

1

சென்ற மாதம் ஒரு ரொட்டிக் கடையைத் திறக்கவிடாமல் நிறுத்தி வைத்தேன். டொரன்டோவுக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சியில் நான் கட்டட ஆய்வாளன். கடையோ பள்ளியோ மருத்துவமனையோ, சக்கர நாற்காலியில் வருகிறவர் யார் துணையும் இல்லாமல் உள்ளே போய், வேலையை முடித்து, கழிப்பறைக்கும் போய்விட்டு வெளியே வர முடிகிறதா என்று அளந்து பார்ப்பது என் வேலையில் ஒரு பங்கு. வாசலில் அரை அங்குலத்துக்கு மேல் தடுப்பு இருக்கக் கூடாது. ரொட்டிக் கடையில் ஒரு அங்குலத்துக்கு மேலேயே இருந்தது.

கடைக்காரர் போர்ச்சுகலிலிருந்து வந்த வயதானவர். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று மதித்து மெதுவாகப் பேசிக்கொண்டன. "ஒரு விரல் உயரம். இதற்காகவா?" என்றார். இதற்காகத்தான் என்றேன். தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். அவர் கத்தவில்லை. கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, உங்கள் வீட்டு வாசலை யாராவது அளந்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"அது தனியார் வீடு. விதி பொதுக் கட்டடங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சட்டப்படி சரியான பதில். காரில் உட்கார்ந்தவன் சாவியைப் போடாமல் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தைத் தமிழ்நாட்டில் இருக்கிற உங்களிடம் சொல்லலாம், இங்கே சொன்னால் புரியாது.

2

நான் விமானம் ஏறியபோது எங்கள் ஊர் மதுரை மாவட்டம். மறு வருடமே தேனி தனி மாவட்டமாகிவிட்டது. இதனால் எனக்கு வந்த வினை கொஞ்சமல்ல. பாஸ்போர்ட்டில் மதுரை, பிற்பாடு வாங்கிய பிறப்புச் சான்றிதழில் தேனி. குடியுரிமை அலுவலகத்துப் பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் இரண்டு இடத்தில் பிறந்தேனா என்று விசாரித்தாள். ஊர் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாக்கியம் மூன்று மேசைகளைக் கடக்க ஐந்து மாதம் ஆனது.

அந்தச் சான்றிதழை எழுதியவள் என் தங்கை மும்தாஜ். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் இதைப் படிப்பார்கள். அதில் பிறப்பு இறப்புப் பதிவுகள் அவள் பொறுப்பு. மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போயின. எங்கள் அத்தா, அதாவது அப்பா, அவளைச் சைக்கிள் பின்சீட்டில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். தட்டச்சு, சுருக்கெழுத்து இரண்டிலும் தேறினாள். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் வேலை வந்தது. அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர சைக்கிளைக் கையால் சுழற்றிக்கொண்டு அலுவலகத்துக்குத் தானே போய்விடுவாள்.

போய்விடுவாள் என்றால் வாசல் வரைக்கும். அதற்கு மேல் ஆறு படி.

வாட்ச்மேன் பெருமாளும், அன்றைக்கு யார் கைக்குச் சிக்குகிறாரோ அவரும் சேர்ந்து அவளைத் தூக்கி உள்ளே நாற்காலியில் வைப்பார்கள். சாயங்காலம் மறுபடி இறக்குவார்கள். கழிப்பறை பின்பக்கம், அதற்கும் படி உண்டு. அதனால் காலையில் ஒரு டீ, அதற்குப் பிறகு வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டாள். இப்படிப் பத்து வருடம்.

எனக்கு இதெல்லாம் தெரியாதா என்றால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்பேன், "தூக்கிவிட ஆள் இருக்குல்ல?" என்று. "இருக்காகண்ணே" என்பாள். ஒரு ஞாயிறு வேறு பதில் வந்தது.

"தூக்குறவுக எல்லாம் நல்லவுகதாண்ணே. பெருமாள் அண்ணன் என்னைக்காச்சும் மூஞ்சியச் சுழிச்சிருப்பாகளா? ஆனா பத்து வருசமா நான் ஆபீசுக்கு வரலண்ணே. என்னைய ஏத்தி எறக்குறாக, அம்புட்டுதான். ஒரு நாளாச்சும் நானா உள்ள போயி என் சேர்ல ஒக்காரணும். இல்லாட்டி இந்த வருசத்தோட எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருந்துக்கிறேன்."

அவள் சொன்னால் செய்வாள். பிடிவாதத்தில் எங்கள் குடும்பத்தில் அவளுக்கு மிஞ்சி ஆள் கிடையாது.

3

சட்டம் ஏற்கெனவே இருந்தது. பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வைக்க வேண்டும் என்று தொண்ணூறுகளிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். மும்தாஜ் அதன் நகலைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். எட்டு மனு எழுதினாள். நல்ல கையெழுத்து, நல்ல தமிழ். எட்டாவது மனுவுக்குச் சாய்தளம் கட்ட உத்தரவு வந்தது.

வரைபடம் நான் போட்டேன். வரைபடங்களைச் சரிபார்க்கிறதுதானே என் தொழில். படி ஆறு, படிக்கு ஆறு அங்குலம், ஆக மூன்று அடி உயரம். ஓர் அங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குலம் ஓட வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் முப்பத்தாறு அடி நீளம், நடுவில் திரும்ப ஒரு மேடை, மேலே வாசலுக்கு முன்னால் இன்னொரு மேடை, இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். பழைய வாசல் கொஞ்சம் ஒடுக்கம் என்று எனக்குப் பட்டது. நான் போன தடவை கொண்டுவந்து கொடுத்த மடக்குச் சக்கர நாற்காலி அதில் உரசாமல் நுழையும்தான். ஆனாலும் விதி என்றால் விதி, மூன்றடி வாசல் வை என்று சிவப்பு மையில் எழுதினேன். அந்த ஒரு வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கனடாத் தரத்தில் எங்கள் ஊரில் ஒரு வாசல்!

ஒப்பந்தக்காரருக்கு முப்பத்தாறு அடி என்றதும் சிரிப்பு. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் கட்டிய சறுக்கெல்லாம் சரக்குக் கிட்டங்கிகளில் மூட்டை ஏற்றக் கட்டியவை. பத்தடியில் மூன்றடி ஏறிவிடும். முதுகில் ஏலக்காய் மூட்டையோடு ஆள் ஓடி ஏறுவதற்கு அது போதும்.

"ஏம்மா, இம்புட்டு நீட்டுக்கு எதுக்கு? ஒங்கண்ணன் சீமையில இருந்துக்கிட்டு எழுதிப்புட்டாக. இங்கன பத்தடி போதும், பெருமாளு பின்னால தள்ளிவிட்டாப் போச்சு."

"தள்ளிவிட ஆள் வேணும்னா எனக்குப் படியே போதும்ணே. முப்பத்தாறு அடி கட்டுங்க" என்றாளாம் மும்தாஜ்.

தினமும் மூன்று சக்கர வண்டியில் போய்த் தையல்காரர் இஞ்சு டேப்பை வைத்து அளந்தாள். ஓர் இடத்தில் செங்குத்தாக வந்ததைப் பெயர்த்து மறுபடி கட்ட வைத்தாள். கொத்தனார்கள் அவளுக்கு ஓவர்சியரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

4

திறக்கிற வாரம் நான் ஊரில் இருந்தேன். மகள் நிலோபரும் வந்திருந்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற வயது. கம்பத்துச் சொந்தங்கள் கன்னத்தைக் கிள்ளி ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் மொழிபெயர்ப்பேன். மும்தாஜோடு மட்டும் எப்படியோ பேசிக்கொண்டாள். "மாமி ஸ்லோவா பேசுறாங்க, அதான் புரியுது" என்றாள். அத்தையை எங்கள் வீட்டில் மாமி என்போம். உண்மையில் மும்தாஜ் யாரோடும் மெதுவாகப் பேசுகிறவளே அல்ல.

காலை ஒன்பதரை மணி. மும்தாஜ் புதுச் சேலை உடுத்தி, மடக்கு நாற்காலியில் சாய்தளத்தின் அடியில் இருந்தாள். நிலோபர் பின்னால் தள்ளப் போனாள். "தொடாத ஆத்தா, நான் போறேன்" என்றாள் மும்தாஜ். அலுவலகமே வெளியில் வந்து நின்றது. செயல் அலுவலர், எழுத்தர்கள், குழாய் ரிப்பேர் செய்கிறவர், வரி கட்ட வந்தவர்கள், எல்லோரும். இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி ஏறினாள். நடு மேடையில் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பினாள். மறுபடி ஏறினாள். அவள் முகத்தில் வேர்வை, என் கண்ணில் தண்ணீர். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

மேல் மேடைக்கு வந்து, வாசலுக்கு நேரே நாற்காலியைத் திருப்பினாள். முன் சக்கரம் இடித்து நின்றது.

புது வாசல். மூன்றடி அகலம், நல்ல வேங்கை மரம், மஞ்சளும் குங்குமமும் மாவிலையும். கீழே, நிலையின் அடிக்கட்டை, நாம் நிலைப்படி என்கிறோமே அது, தரைக்கு மேல் மூன்று அங்குலம் நின்றது.

நிலை செய்த சுப்பையா ஆசாரி முன் வரிசையில், குளித்துத் திருநீறு பூசி நின்றிருந்தார். அவரிடம்தான் கேட்டேன்.

"ஆசாரி, கீழ இந்தக் கட்டை எதுக்கு?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "கட்டை இல்லாம எப்பிடிங்க? நாலு கட்டை சேந்தாத்தான நிலை? நேத்து ஞாயித்துக்கிழமை நல்ல நேரம் பாத்து, அடியில நவதானியம், வெள்ளி எல்லாம் வச்சு, பால் விட்டு நிறுத்தியிருக்கு. எல்லாரும் இருந்தாகளே."

"பழைய வாசல்ல இல்லையே?"

"இருந்துச்சுங்க. அது எங்க அய்யா காலத்துக் கட்டை. மிதிபட்டு மிதிபட்டுத் தரையோட தரையாத் தேஞ்சு போச்சு. நீங்கதான அகலமா புதுசு வைக்கச் சொல்லி எழுதியிருந்தீக?"

அதுதான் விஷயம். பழைய வாசலை நான் சும்மா விட்டிருந்தால் அவள் அந்நேரம் உள்ளே போயிருப்பாள். சிவப்பு மையில் எழுதிப் புதுசு வைக்கச் சொன்னவன் நான். கீழ்க்கட்டை வேண்டாம் என்று எழுதாதவனும் நான்தான். கனடாவில் யாரும் அதை எழுத மாட்டார்கள், அங்கே அப்படி ஒரு வழக்கமே இல்லை. எங்கள் ஊரில் நிலைப்படி இல்லாத வாசல் கிடையாது. அதைத் தாண்டித் தாண்டியே வளர்ந்தவன், பதின்மூன்று வருடத்தில் அதைச் சுத்தமாக மறந்திருக்கிறேன். பிள்ளை தமிழை மறக்கிறாள் என்று புலம்புகிறவன் நான்!

அறுத்துவிடலாமா என்று கேட்டேன். ஆசாரி காதைப் பொத்திக்கொண்டார். "பூசை போட்ட நிலையில ரம்பம் வைக்கிறதா? ஆபீசுக்கு ஆகாது. அதுக்கு முந்தி எனக்கு ஆகாது."

செயல் அலுவலருக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. "நம்ம காலத்துல எதுக்கு சார்?" என்று வானத்தைப் பார்த்தார். மூடநம்பிக்கை என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் எங்கள் வீட்டு நிலைக்கும் பள்ளிவாசல் அஸரத்தைக் கூப்பிட்டுப் பாத்திஹா ஓதி, பால் ஊற்றித்தானே நிறுத்தினோம்?

பெருமாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். "இதுக்கு எதுக்கு ஆத்தா யோசன? ஒரு கை குடுத்தா தாண்டிரும். வா."

மும்தாஜ் கையை உயர்த்தினாள். கோபமாக இல்லை, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. "வேணாம்ணே. இன்னைக்கு வேணாம். என் ரெஜிஸ்டரை மட்டும் எடுத்துக் குடுங்க."

நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். மேல் மேடையில், வாசலுக்கு நேர் எதிரே, மடியில் பலகையை வைத்து வேலையை ஆரம்பித்தாள்.

5

அன்று முழுதும் அங்கேயேதான் இருந்தாள். மறுநாளும். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. செயல் அலுவலர் இரண்டு தடவை இருமிப் பார்த்தார். சான்றிதழ் வாங்க வந்தவர்களுக்கு மட்டும் வசதி, உள்ளே வரிசையில் நிற்க வேண்டாம்.

இரண்டாம் நாள் பிற்பகல் சுப்பையா ஆசாரி வந்தார். வம்புக்கு அல்ல. தேவாரத்தில் கட்டிக் கொடுத்த மகளுக்குப் பிரசவம் இந்த ஊரில் நடந்திருந்தது, பேத்திக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நான் ஓரமாக நின்றிருந்தேன்.

மும்தாஜ் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. பிள்ளை பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த நாள் எல்லாம் கேட்டு அழகாக எழுதினாள். படித்துக் காட்டினாள். பிறகு தாளை அவர் கையில் கொடுத்தாள்.

"முத்திரை உள்ள என் மேசையில இருக்கு ஆசாரி. நான் உள்ள போக முடியாது. நீங்க போயி யார்ட்டயாச்சும் கேட்டு வச்சுக்கங்க."

ஆசாரி தாளோடு வாசல் வரை போனார். வலது காலைத் தூக்கித் தான் செய்த நிலைப்படியைத் தாண்ட வேண்டும். காலைத் தூக்கியவர் கீழே வைத்துவிட்டார். கட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளைக்கு வாரேன்த்தா" என்று தாளை அவள் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவள் வருவதற்கு முன்பே வந்திருந்தார். நிலைப்படிக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, இரண்டு ஆப்புப் பலகை. தரையிலிருந்து கட்டையின் மட்டத்துக்கு இழைத்து இழைத்து ஏற்றியிருந்தார். சக்கரம் வழுக்காமலிருக்க மேலே குறுக்கே கோடு கீறியிருந்தார். நிலையில் ஓர் ஆணி அடிக்கவில்லை.

"அறுக்கல, அணைச்சு வச்சிருக்கேன். நிலையும் இருக்கு, வழியும் இருக்கு" என்றார்.

பழக்கதோஷம், நான் டேப்பை எடுத்து அளந்தேன். மூன்று அங்குலம் ஏற இரண்டடி ஓட்டம். மூன்றடி வேண்டும். என் விதிப்படி தேறாது. சொல்ல வாயெடுத்தேன். சாய்தளத்தின் அடியிலிருந்து மும்தாஜ் என்னைப் பார்த்த பார்வையில் டேப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாய்தளத்தில் ஏறி வந்தாள். பலகை முன்னால் ஒரு நொடி நின்றாள். இரண்டு கையாலும் ஓங்கி ஒரு தள்ளு. ஏறி, இறங்கி, உள்ளே போய்விட்டாள். யாரும் கை தட்டவில்லை, நம் ஊரில் அலுவலகத்துக்குள் போகிறவருக்குக் கை தட்டுவது வழக்கமில்லை. அவள் மேசைக்குப் போனாள், முத்திரையை எடுத்தாள், ஆசாரி பேத்தியின் சான்றிதழில் ஓங்கிக் குத்தினாள். சத்தம் வெளியே கேட்டது. பிறகு பெருமாளைக் கூப்பிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, முழுதும் குடித்தாள். பின்பக்கக் கழிப்பறைக்கும் அதே ஒப்பந்தத்தில் சின்னதாக ஒரு சாய்தளம் போட வைத்திருந்தாள்.

6

இத்தோடு முடித்திருந்தால் இது நல்ல கதை.

அன்று சாயங்காலம் இதைக் கொண்டாட என் வீட்டில் பிரியாணி என்று சொல்லியிருந்தேன். அதற்கு நான்கு வருடம் முன்பு ஊரில் கட்டிய வீடு. வரைபடம் என்னுடையது. சாக்கடை பொங்கினால் தண்ணீர் ஏறக் கூடாது என்று இரண்டரை அடி மேடை, முகப்பில் ஐந்து கிரானைட் படி. ஊரில் பலர் நின்று பார்த்துவிட்டுப் போகிற முகப்பு. நாங்கள் வந்துபோகிற ஒரு மாதம் தவிர வீடு பூட்டித்தான் கிடக்கும். சாவி மும்தாஜிடம்.

அலுவலகம் முடிந்து சாய்தளத்தில் தானாக இறங்கி வந்தவள், மூன்று சக்கர வண்டிக்கு மாறி உட்கார்ந்துகொண்டு பெருமாளைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்களும் எங்கண்ணன் வீட்டுக்கு வாங்க. பிரியாணி. கூட ஒரு ஆளையும் கூட்டிட்டு வாங்க."

"நான் எதுக்கு ஆத்தா? ஒங்க குடும்பத்து விருந்து."

"நல்லா இருக்கே. தூக்கிவிட ஆள் வேணும்ல?"

குத்தலாகச் சொல்லவில்லை. உப்பு வேண்டும் என்பதுபோல் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. நிலோபர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அத்தா, எதுக்கு ஆள்? மாமிக்குத்தான் இப்ப தனியாப் போக முடியுமே?" முதல் தடவையாக ஓர் ஆங்கிலச் சொல்கூடக் கலக்காமல் பேசினாள்.

குடிபுகுந்த நாளிலும் அவளைத் தூக்கித்தான் உள்ளே வைத்தோம். நம் வீட்டுப் பிள்ளை, நாம் தூக்குகிறோம், அதில் என்ன என்று நினைத்திருக்கிறேன். அதைக்கூட நினைக்கவில்லை, இப்போதுதான் அப்படி நினைத்ததாகச் சொல்லிக்கொள்கிறேன். ஊரார் வாசலையெல்லாம் அளக்கிறவன் தன் வாசலை அளக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போதே அடுத்த மாதம் சாய்தளம் கட்டிவிடுகிறேன் என்றேன். "சரிண்ணே" என்றாள். முகப்பு கெட்டுவிடும், கார் நிற்கிற இடம் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நான் கனடா திரும்பினேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவள் ஒரு வார்த்தை நினைவூட்டவில்லை. மாதம் ஒரு முறை ஆளை அனுப்பி வீட்டைப் பெருக்க வைத்துவிட்டு, தெருவில் வண்டியிலிருந்தபடியே சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறாள்.

7

ரொட்டிக் கடைக்காரர் வாசலை இழைத்துச் சரிசெய்துவிட்டார். மறு ஆய்வுக்குப் போனேன், தேறியது. இனிப்பு ரொட்டி ஒன்று கொடுத்தார், விதிப்படி வாங்கக் கூடாது என்று வாங்கவில்லை. "உங்கள் கேள்விக்குப் பதில் ஐந்து படி" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த வாரமே என் ஊர் வீட்டுக்கு வரைபடம் போட்டேன். முப்பதடி, ஒரு திருப்பம், காருக்கு இடமில்லை. முன்வாசல் நிலையை அப்படியே வைத்து, இரண்டு பக்கமும் மூன்றடிக்கு ஆப்புப் பலகை, சுப்பையா ஆசாரி கையால். மும்தாஜுக்கு அனுப்பினேன், மேற்பார்வை அவள்தான் என்று எழுதி.

ஞாயிற்றுக்கிழமை பேசினாள். நிலோபரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.

"படம் பாத்தேண்ணே. திருப்பத்துல மேடை நாலடி போட்ருக்க. எனக்குச் சேரைத் திருப்ப அஞ்சு வேணும். ஆபீசுல அஞ்சுதான இருக்கு? திருத்தி அனுப்பு. அதுவரைக்கும் கொத்தனாரை உள்ள விட மாட்டேன்."

"காம்பவுண்டுச் சுவரு இடிக்குமே" என்றேன்.

"இடிச்சுக் கட்டு" என்றாள். "சாவி என்ட்டத்தான இருக்கு."

பதினைந்து வருடத்தில் நான் போட்ட வரைபடம் ஒன்று தேறாமல் திரும்பி வருவது இதுதான் முதல் முறை. திருத்திக்கொண்டிருக்கிறேன்.